தகடோட்டியின் தரம் காண்பது எவ்வாறு?

கொங்கு நாட்டு உழவர் தம் கிணற்றுக்கு மோட்டார் வாங்கக் கோயம்புத்தூர்க் கடைவீதிக்கு வரும்போது என்னென்ன கேட்பார் என்பதை நீங்கள் அறிவீர்கள். எத்தனை அடி ஆழத்திலிருந்து நீரை ஏற்றும்? எத்தனை குதிரைத்திறன்? மின்னழுத்தம் குறைந்தால் தாங்குமா? காயில் எரிந்துபோனால் நம் ஊரிலேயே கட்டித் தருவார்களா? இவையே அவர் கேட்கும் கேள்விகள். “இந்த மோட்டார் இறைக்கும் நீர், அந்த மோட்டார் இறைக்கும் நீரைவிட இனிக்குமா?” என்று அவர் ஒருநாளும் கேட்பதில்லை. நீரின் சுவை ஊற்றைச் சார்ந்தது என்பது அவருக்குத் தெரியும்.

இசைக் கருவிகளின் உலகில் இந்தக் கேள்வி நாள்தோறும் கேட்கப்படுகிறது. கேட்கப்படுவதோடு நில்லாமல், “ஆம், இனிக்கும்” என்ற விடையும் பெரும் விலைக்கு விற்கப்படுகிறது. சில திங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். பீளமேட்டுப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் சிறு பட்டறை நடத்துபவர். இசையில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர். குறுந்தகடுகளை ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட தனிக் கருவி ஒன்றை வாங்க விரும்பினார். அதன் விலை அவருடைய மூன்று மாத வருவாய்க்கு ஒப்பானது. “ஐயா, வாங்கலாமா, கூடாதா?” என்பது அவர் வினா. அவருக்கு நான் கூறிய விடையையும், அவ்விடைக்கு நாங்கள் இருவரும் சென்று சேர்ந்த வழியையும் இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன். விடையைவிட வழியே உங்களுக்குப் பெரிதும் பயன்படும்.

முதற்கண் அக்கருவி யாது என்று காண்போம். குறுந்தகட்டிலுள்ள இசை நம் செவிக்கு வந்து சேர நான்கு படிகள் உள்ளன. தகட்டைச் சுழற்றி அதில் பொறிக்கப்பட்டுள்ள எண்களைப் படிப்பது முதற்படி. அவ்வெண்களை மின்னலைகளாக மாற்றுவது இரண்டாம் படி. அவ்வலைகளுக்கு வலுவூட்டுவது ஆம்ப்ளிபையர். அவற்றைக் காற்றின் அதிர்வாக ஆக்குவது ஸ்பீக்கர். சாதாரண சி.டி. பிளேயரில் முதலிரண்டு படிகளும் ஒரே பெட்டிக்குள் நிகழ்கின்றன. முதற்படியை மட்டும் செய்து, எண்களை ஒரு கம்பி வழியாக வெளியே அனுப்பிவிடும் கருவிக்கு ‘டிரான்ஸ்போர்ட்’ என்று பெயர். நாம் அதனைத் ‘தகடோட்டி’ என வழங்குவோம். எண்களை மின்னலைகளாக்கும் இரண்டாவது பெட்டியை ‘மாற்றி’ என்போம். தகடோட்டிக்குத் தனியே குரல் இல்லை. அது எண்களை எடுத்துக் கொடுப்பது மட்டுமே செய்யும். இதனை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள்.

எண்களிலிருந்து இசை எவ்வாறு பிறக்கும் என்று சிலர் வியக்கலாம். சிறுமுகைக்குச் சென்று பட்டுத் தறியைப் பார்த்தவர்களுக்கு வியப்பு நேராது. தறியின்மேல் தொங்கும் ஜக்கார்டு அட்டைகளில் சில இடங்களில் துளை உண்டு. சில இடங்களில் இல்லை. துளை உள்ள இடத்தில் ஒரு நூல் எழும். இல்லாத இடத்தில் எழாது. இந்த ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டு சொற்களைக் கொண்டே மயிலும் மாங்காயும் சேலையின் தலைப்பில் மலர்கின்றன. பிரான்சு நாட்டில் ஜோசப் மாரி ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டளவில் அமைத்த முறை இது. இங்கு ஒன்றைக் கவனியுங்கள். அட்டையின் துளை சற்றுப் பிசிறாக இருந்தாலும், ஊசி அதில் நுழையுமானால் மயிலின் கழுத்து கோணுவதில்லை. துளை உண்டா, இல்லையா என்பதே கேள்வி. துளை எவ்வளவு அழகாக வெட்டப்பட்டது என்பது துணியில் தெரிவதில்லை.

குறுந்தகடும் அத்தகையதே. ஹாலந்து நாட்டு ஃபிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பான் நாட்டு சோனி நிறுவனமும் கூடி உருவாக்கி, 1982-இல் விற்பனைக்குக் கொணர்ந்த அத்தகட்டின் விட்டம் 120 மில்லிமீட்டர், தடிப்பு 1.2 மில்லிமீட்டர். இசையலையின் உயரம் நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 இலக்கங்கள் கொண்ட ஈரடி எண்ணாக எழுதப்படுகிறது. இடம், வலம் என இரண்டு வழிகள் இருத்தலின், நொடிக்கு 14,11,200 இலக்கங்கள் ஆகின்றன. இவை யாவும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பள்ளங்களாகவும் மேடுகளாகவும், மையத்திலிருந்து விளிம்பை நோக்கிச் செல்லும் ஒரே சுருள் வரியில் அமைந்துள்ளன. அடுத்தடுத்த இரண்டு வரிகளுக்கு இடையே உள்ள தொலைவு 1.6 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் 600 வரிகளுக்கு மேல். 74 நிமிட இசை கொண்ட தகட்டின் வரியை நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் செல்லும்.

இவ்வரியைப் படிப்பது ஊசியன்று, லேசர் ஒளி. ஒளி பட்ட இடம் சமமாயின் நன்கு திரும்பும். பள்ளத்தின்மேல் பட்டால் மங்கித் திரும்பும். மங்கல் தொடங்கும் விளிம்பும் முடியும் விளிம்பும் ‘1’ எனவும், இடைப்பட்ட தொலைவு ‘0’-க்களாகவும் கொள்ளப்படுகின்றன. தகடு சுழலும்போது சிறிது மேலும் கீழும் அசையும். அதற்கேற்ப வில்லை நொடிதோறும் பல நூறு முறை எழுந்தும் தாழ்ந்தும் ஒளிமுனையைக் குவிக்க வேண்டும். வரியை விட்டு விலகாதவாறு பக்கவாட்டிலும் நகர வேண்டும். தகட்டின் உட்பகுதியைப் படிக்கும்போது நிமிடத்திற்கு ஏறத்தாழ 500 சுற்று. விளிம்பை நெருங்கும்போது ஏறத்தாழ 200 சுற்று. 1937-இல் ஜி. டி. நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் மின் மோட்டார் செய்து காட்டிய இந்நகரத்தில் வாழும் நமக்கு, இவ்வளவு சிறிய மோட்டார் இவ்வளவு நுணுக்கமாக உழைப்பதைக் காண்பது ஒரு பெருமகிழ்ச்சி.

இனி நம் வினாவுக்கு வருவோம். விலை மிகுந்த தகடோட்டி நன்றாகப் படிக்கும். மலிவானது சரியாகப் படிக்காது. ஆகவே இசை மாறுபடும் என்பது விற்போர் கூற்று. இது கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றும். பழைய கிராமபோனுக்கு இது முற்றிலும் உண்மை. இசைத்தட்டைச் சுழற்றும் மோட்டார் சிறிது தடுமாறினாலும் பாடகரின் சுருதி தடுமாறும். மோட்டாரின் அதிர்வு ஊசி வழியாக நேரே செவிக்கு வரும். அக்காலத்தில் கனமான தட்டும் சீரான மோட்டாரும் கொண்ட கருவிக்கு அதிக விலை கொடுத்தவர் அறிவுடையவரே. அந்த நியாயத்தைக் குறுந்தகட்டுக்கும் அப்படியே கொண்டுவரலாமா என்பதுதான் ஆராய வேண்டியது.

குறுந்தகட்டுக் கருவிக்குள் ஒரு மேல்நிலைத் தொட்டி உண்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். மோட்டார் விட்டுவிட்டு நீரை இறைத்தாலும், தொட்டி வற்றாதவரை குழாயில் நீர் ஒரே சீராக வருமல்லவா? அதுபோலத் தகட்டிலிருந்து படிக்கப்படும் எண்கள் முதலில் ஒரு நினைவகத்தில் சேர்கின்றன. அங்கிருந்து ஒரு படிகக் கடிகாரத்தின் துடிப்புக்கு ஏற்ப ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. தொட்டி நிரம்பினால் மோட்டார் சற்று மெதுவாகும்; குறைந்தால் விரையும். ஆகவே மோட்டாரின் தடுமாற்றம் சுருதியைச் சேர்வதில்லை.

எண்களையே தவறாகப் படித்துவிட்டால்? இதற்கும் காப்பு உண்டு. தலைமையாசிரியர் பொறுப்பில் இருந்தவர்கள் மதிப்பெண் பதிவேட்டின் அமைப்பை அறிவார்கள். ஒவ்வொரு மாணவருக்கும் வலப்பக்கத்தில் கூட்டுத்தொகை. ஒவ்வொரு பாடத்திற்கும் அடியில் கூட்டுத்தொகை. கரையான் ஒரு மதிப்பெண்ணை அரித்துவிட்டாலும், எஞ்சிய எண்களையும் கூட்டுத்தொகையையும் கொண்டு அரிக்கப்பட்ட எண்ணைச் சரியாகக் கண்டுபிடித்துவிடலாம். அது ஊகமன்று, கணக்கு. குறுந்தகட்டிலும் இசை எண்களோடு இத்தகைய சோதனை எண்கள் சேர்த்து எழுதப்பட்டுள்ளன. ரீட், சாலமன் என்னும் இரு கணித அறிஞர்கள் 1960-இல் வெளியிட்ட முறை இதற்கு அடிப்படை. மேலும், அடுத்தடுத்த எண்கள் தகட்டில் அடுத்தடுத்து இராமல் தள்ளித்தள்ளிச் சிதறி எழுதப்படுகின்றன. பதிவேட்டின் ஒரு பக்கம் முழுதும் கிழிந்தாலும் ஒரே வகுப்பின் மதிப்பெண்கள் அனைத்தும் போய்விடாதபடி பல பக்கங்களில் பரப்பி எழுதுவது போன்றது இது. இதனால், வரியின்மீது தொடர்ச்சியாக இரண்டரை மில்லிமீட்டர் நீளம் வரை அழிந்துவிட்டாலும், இழந்த எண்கள் அனைத்தையும் பிழையின்றி மீட்க முடியும்.

அதனினும் பெரிய சேதம் நேர்ந்தால், கருவி முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்து இடைப்பட்டதை ஊகித்து நிரப்பும். அதுவும் இயலாதபோது இசை வெட்டுப்படும். அல்லது ஒரே இடத்தில் திக்கும். ஆகவே தகடோட்டியின் பணியில் மூன்று நிலைகளே உண்டு: முழுச்சரி, ஊகம், தோல்வி. நல்ல நிலையிலுள்ள தகட்டை, பழுதற்ற எந்தக் கருவி படித்தாலும் முழுச்சரியாகவே படிக்கும். முழுச்சரிக்கு மேல் ஒரு நிலை இல்லை. நூற்றுக்கு நூறு வாங்கிய மாணவனுக்கு, விலை உயர்ந்த பேனாவால் எழுதினான் என்பதற்காக நூற்று ஐந்து போட இயலாது.

நேர்மையாகக் கூறவேண்டிய ஒரு செய்தி எஞ்சியுள்ளது. தகடோட்டியிலிருந்து மாற்றிக்குச் செல்லும் கம்பியில் எண்களோடு கடிகாரத் துடிப்பும் சேர்ந்தே செல்கிறது. எண்கள் சரியாயினும் துடிப்பின் இடைவெளி மிக நுண்ணிய அளவில் முன்பின்னாக அசையக்கூடும். இதனை ‘ஜிட்டர்’ என்பர். இது கற்பனையன்று, கருவி கொண்டு அளக்கக்கூடிய உண்மை. தொடக்க கால மாற்றிகள் சில இவ்வசைவை அப்படியே இசைக்குள் விட்டுவிட்டன. இன்றைய நல்ல மாற்றிகளோ, வந்த துடிப்பை வடிகட்டி, அதன் அசைவைப் பெரிதும் களைந்தபின்னரே எண்களை இசையாக்குகின்றன. ஆகவே இக்குறையைத் தீர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் மாற்றியைச் சேர்ந்தது.

அப்படியாயின் எல்லாத் தகடோட்டிகளும் ஒன்றுதானா? அன்று. உழவர் மோட்டாரை மதிப்பிடுவதுபோல நாமும் சரியான கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது: கருவி எண்களை மாற்றாமல் அனுப்புகிறதா? தகடோட்டியின் வெளியீட்டைக் கணினியில் பதிவு செய்து, அதே தகட்டைக் கணினி நேரே படித்தெடுத்த எண்களோடு ஒப்பிடுக. இரண்டும் இறுதி இலக்கம் வரை ஒத்திருத்தல் வேண்டும். சில கருவிகள் ஒலியளவைத் தாமே கூட்டிக்குறைத்தோ, நொடிக்கு 44,100 என்ற கணக்கை 48,000 ஆக மாற்றியோ அனுப்புகின்றன. அவற்றை இச்சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது: பழுதுற்ற தகட்டை எவ்வளவு தாங்குகிறது? பயனற்ற தகடு ஒன்றை எடுத்து, ஒளி படும் பக்கத்தில் மையத்திலிருந்து விளிம்பு நோக்கிக் கறுப்பு மையால் ஒரு மெல்லிய கோடு இடுக. பிறகு கோட்டைச் சிறிது சிறிதாக அகலப்படுத்துக. எந்த அகலத்தில் கருவி திக்கத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்க. கருவிகளுக்கிடையே உண்மையான வேறுபாடு இங்கேதான் வெளிப்படும். வீட்டில் பதிவு செய்த தகடுகளையும், 74 நிமிடத்திற்கு மேற்பட்ட நீண்ட தகடுகளின் கடைசிப் பகுதியையும் மறவாமல் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது: ஒரு பாடலிலிருந்து அடுத்ததற்கு இடைவெளியின்றிச் செல்கிறதா? கச்சேரித் தகடுகளில் இராகமும் தானமும் பல்லவியும் தனித்தனி எண்ணிட்டிருந்தாலும் இசை தொடர்ந்தே ஓடும். சில கருவிகள் ஒவ்வோர் எண்ணிலும் அரை நொடி நின்று, பாடகரின் மூச்சை நடுவே அறுத்துவிடுகின்றன.

நான்காவது: ஓசையின்றிச் சுழல்கிறதா? நள்ளிரவில் தம்புரா ஒலி அடங்கும் தறுவாயில் பெட்டிக்குள்ளிருந்து வண்டு முரல்வதுபோன்ற ஒலி கேட்குமாயின், அக்கருவியின் விலை எதுவாயினும் வேண்டா.

ஐந்தாவது: பழுதானால் உறுப்பு கிடைக்குமா? லேசர் நாளடைவில் தளரும் பொருள். இசைக்கென்றே ஃபிலிப்ஸ் நிறுவனம் செய்துவந்த ‘சி.டி. ப்ரோ 2’ என்னும் புகழ்பெற்ற படிப்பமைப்பு இன்று உற்பத்தியில் இல்லை. அதனை நம்பிய விலையுயர்ந்த பெட்டிகள் பல, உறுப்புக்கு ஏங்கி நிற்கின்றன. எளிய பிளேயர்களில் பரவலாகப் பயன்பட்ட உறுப்புகளோ ஒப்பீட்டளவில் எளிதாகக் கிடைக்கின்றன.

ஆறாவதாகவே செவிச் சோதனை வருகிறது. செவியை நான் இகழவில்லை. ஆனால் கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது செவி தனித்துத் தீர்ப்புக் கூறாது. நூலின் சீர்மையைக் கண்ணளவிலும் கையளவிலும் மட்டும் பார்த்துச் சொல்வது நம் ஆலைகளில் பழைய வழக்கம். 1956-இல் கோயம்புத்தூரில் அமைந்த தென்னிந்திய நெசவு ஆராய்ச்சிச் சங்கம் போன்றவற்றின் உழைப்பால், அளந்து கூறும் முறை நம் ஆலைகளில் வலுப்பெற்றது. இசையிலும் அம்முறை வேண்டும்.

என் மாணவரும் நானும் செய்தது இதுதான். அவர் விரும்பிய கருவியை நண்பர் ஒருவரிடமிருந்து இரவல் பெற்றோம். என் வீட்டிலிருந்த பழைய டி.வி.டி. பிளேயரை மற்றொன்றாகக் கொண்டோம். இரண்டையும் ஒரே மாற்றியில் இணைத்தோம். ஆகவே ஒலியளவு தானே சமமாயிற்று. ஒரே இசையின் இரண்டு தகடுகளை ஒருங்கே ஓடவிட்டு, இடையே ஒரு துணியைத் தொங்கவிட்டோம். நாணயத்தைச் சுண்டிப் பார்த்து என் பேத்தி கருவியை மாற்றினாள். அவர் எது ஓடுகிறது என்று எழுதினார். பதினாறு முறை செய்தோம். ஒன்றும் அறியாமல் ஊகித்தாலே சராசரியாக எட்டு சரியாகும். பன்னிரண்டோ அதற்கு மேலோ ஊகத்தால் சரியாவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. ஆகவே பன்னிரண்டு பெற்றால் வேறுபாடு உண்டு என ஏற்பதாக முன்னரே முடிவு செய்திருந்தோம். அவர் பெற்றது ஒன்பது. துணியை விலக்கியபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “பெட்டியின் கனத்தைத்தான் ஐயா நான் இவ்வளவு நாளும் கேட்டிருக்கிறேன்” என்றார். பதினாறு முறை ஒருவர் கேட்டதனால் உலகத்திற்கே தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆயின் அவர் பணத்தைப் பற்றி அவர் முடிவு செய்ய அது போதுமானது.

அன்று மாலை மற்றொரு சோதனையும் செய்தோம். இப்பகுதிப் பள்ளியொன்றில் 2004-இல் முதிய தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய விடைபெறும் உரை, வீட்டுக் கணினியில் ஒரே ஒரு தகட்டில் பதிவு செய்யப்பட்டிருந்தது. அவர் இன்று இல்லை. அவர் குரல் வேறெங்கும் இல்லை. இவ்வகைத் தகட்டில் பள்ளங்கள் இல்லை. ஒரு சாயப்பூச்சின் நிறமாற்றமே எழுத்தாக நிற்கிறது. வெயிலும் வெப்பமும் பட்டால் அச்சாயம் நாளடைவில் வெளுக்கும். இரவல் வாங்கிய கருவி அத்தகட்டை ஏற்கவேயில்லை. பழைய டி.வி.டி. பிளேயர் நடுவில் இருமுறை திக்கி, பின் முழுவதும் படித்தது. என் மாணவர் உடனே அவ்வெண்களைக் கணினியில் சேமித்து, இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை அப்பள்ளிக்கு அனுப்பினார். இன்று அங்குள்ள பிள்ளைகள் அக்குரலைக் கேட்கிறார்கள். ஒரு தகடோட்டி மற்றொன்றைவிட உயர்ந்தது என்று நான் ஐயமின்றிக் கண்டது அந்த ஒரு பொழுதில்தான். அவ்வுயர்வுக்கும் விலைச்சீட்டுக்கும் தொடர்பு இருக்கவில்லை.

அவர் அப்பெட்டியை வாங்கவில்லை. அப்பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு நல்ல ஸ்பீக்கர்கள் வாங்கினார். பளிங்குத் தரையில் சென்னிமலை ஜமக்காளம் விரித்து எதிரொலியைக் குறைத்தார். இவ்விரண்டு மாற்றங்களையும் எவரும் துணி தொங்கவிடாமலே உணரலாம். தகடோட்டி வேண்டுவோரை வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. அழகிய அமைப்பும், உறுதியான கதவும், அமைதியான ஓட்டமும், நீண்ட நாள் உழைப்பும் பணம் கொடுத்துப் பெறத்தக்கவையே. அவற்றை அவற்றின் பெயராலேயே வாங்குக. இனிமை என்ற பெயரால் வாங்க வேண்டா.

மாணவர்களே, உங்கள் வீட்டு அலமாரியிலும் பள்ளி நூலகத்திலும் பழைய தகடுகள் இருக்கும். அவற்றை வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல், மையத்திலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். வரியை ஒட்டிய கீறலே பெருங்கேடு செய்யும். வேறெங்கும் கிடைக்காத குரல் எதேனும் அவற்றில் இருக்குமாயின், இவ்வாரமே ஒரு படி எடுத்து வைத்துவிடுங்கள். சாயம் வெளுத்த பின்னர் எந்த விலைக்கருவியும் அதனைத் திருப்பித் தராது.